சுவிஸ் ஹோட்டல், உணவக வேலை: சம்பளம் எவ்வளவு, முன்னேற வழி எது?

மாசி, பங்குனி மாதங்களில் வரிப் படிவம் நிரப்புவதற்காக எம்மிடம் வருகின்றவர்களின் கைகளில் ஒரே மாதிரியான கடித உறைகள் இருக்கும். ஆண்டுச் சம்பளச் சான்று, வங்கிக் கடிதம், மருத்துவக் காப்புறுதிக் கணக்கு. அந்தச் சம்பளச் சான்றுகளில் பலவற்றில் தொழில் வழங்குநரின் இடத்தில் ஒரு ஹோட்டலின் பெயரோ உணவகத்தின் பெயரோ இருக்கும். ஏறத்தாழ ஒரே வயது, ஒரே காலத்தில் சுவிஸுக்கு வந்தவர்கள், இருவருமே இருபது ஆண்டுகள் சமையலறையில் நின்றவர்கள். அப்படியான இருவரின் சான்றுகளை அருகருகே வைத்துப் பார்த்தால் ஒருவருக்கு மாதம் எண்ணூறு பிராங் அதிகமாக இருக்கும். உழைப்பில் வித்தியாசம் இல்லை. ஒருவரிடம் தொழிற் சான்றிதழ் இருக்கிறது, மற்றவரிடம் இல்லை. அவ்வளவுதான்.

நாமும் அந்த வழியால் வந்தவர்களே. வணிகமாணிப் பட்டத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுக் கோப்பை கழுவிய காலம் எமக்கும் உண்டு. முதல் சம்பளச் சீட்டைக் கையில் வாங்கியபோது அடியில் இருந்த தொகையை மட்டுமே பார்த்தோம். மேலே இருந்த ஜெர்மன் வரிகளைப் படிக்கவில்லை. வேலைக்குப் போகாத ஓய்வு நாட்களுக்கும் சேர்த்துச் சாப்பாட்டுக் காசு கழிக்கப்பட்டிருந்ததை இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் கண்டுபிடித்தோம். ஐந்தொகை தயாரிக்கப் படித்தவருக்கே அந்த நிலை என்றால், மற்றவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

புதிதாக வேலைக்குச் சேரும் இளையவர்களுக்கும், குடும்ப இணைவில் வந்த துணைவர்களுக்கும், ஓய்வை நெருங்கும் எமது தலைமுறைக்கும் பயன்படும் வகையில், இந்தத் துறையின் சம்பளமும் முன்னேற்றமும் எப்படிக் கணக்கிடப்படுகின்றன என்பதை இங்கே தொகுத்துத் தருகிறோம். தொகைகள் 2025ஆம் ஆண்டுக்கானவை. ஆண்டுக்கு ஆண்டு இவை மாறும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏறி இறங்கும் துறை

சுற்றுலா சுவிஸின் நிலையான வருமானங்களில் ஒன்று. ஆனால் உலகில் எங்கே என்ன நடந்தாலும் முதலில் அடி வாங்குவதும் அதுவே. 2019இல் சுவிஸ் ஹோட்டல்களில் பதிவான இரவுத் தங்கல்கள் 39.6 மில்லியன். கொரோனா வந்த 2020இல் அது 23.7 மில்லியனாக விழுந்தது. 2024இல் 42.8 மில்லியனாக ஏறி, அதுவரை இல்லாத உச்சத்தைத் தொட்டது.

இந்த ஏற்ற இறக்கம் ஊழியரையும் தொடும். மலைப் பிரதேச ஹோட்டல்கள் பல குளிர்காலத்துக்கும் கோடைக்கும் மட்டுமே திறந்திருக்கும். இடையில் வரும் வாரங்களில் பருவகால ஒப்பந்தக்காரருக்கு வேலை இல்லை. வேலையில்லாக் கொடுப்பனவு பெறுவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் குறைந்தது 12 மாதங்கள் பங்களிப்புச் செலுத்தியிருக்க வேண்டும். எனவே பருவ வேலையை ஏற்பவர்கள் மாதங்களை எண்ணிக்கொண்டு ஏற்பது நல்லது.

கூட்டு ஒப்பந்தம் என்னும் அடித்தளம்

சுவிஸில் நாடு முழுவதற்குமான சட்டபூர்வக் குறைந்தபட்சச் சம்பளம் கிடையாது. ஆனால் ஹோட்டல், உணவகத் துறைக்கு ஒரு தேசியக் கூட்டு ஒப்பந்தம் உண்டு. எம்மவர் அதை 'எல்-காவ்' என்பார்கள். தொழில் வழங்குநர் தரப்பில் காஸ்ட்ரோசுவிஸ், ஹோட்டலரிசுவிஸ் போன்ற அமைப்புகளும், ஊழியர் தரப்பில் ஹோட்டல் அன்ட் காஸ்ட்ரோ யூனியன், உனியா, சினா ஆகிய தொழிற்சங்கங்களும் சேர்ந்து செய்துகொண்ட ஒப்பந்தம் இது. மத்திய அரசு இதைப் பொதுவாகக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தமாக அறிவித்திருக்கிறது. ஆகவே முதலாளி எந்தச் சங்கத்திலும் சேராதவராக இருந்தாலும் இது பொருந்தும். முதலாளி தமிழராக இருந்தாலும் பொருந்தும்.

ஒரு விலக்கை மட்டும் எமது குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டும். உணவகத்தை நடத்துபவரின் கணவன், மனைவி, பெற்றோர், சகோதரர், பிள்ளைகள் ஆகியோரை இந்த ஒப்பந்தம் பாதுகாப்பதில்லை. கணவரின் கடையில் பத்து ஆண்டுகள் சம்பளப் பதிவு இல்லாமல் நின்ற மனைவிக்குப் பின்னாளில் ஓய்வூதியக் கணக்கில் என்ன இருக்கும் என்பதை இப்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

சம்பளப் படிகள்

18 வயது நிறைந்த, முழுநேரம் வேலை செய்யும் ஊழியருக்கு ஒப்பந்தம் வகுத்திருக்கும் மாதாந்தக் குறைந்தபட்ச மொத்தச் சம்பளம் ஏறத்தாழ இப்படி அமைகிறது:

முதற்படி: தொழிற்கல்வி இல்லாதவர், 3,700 பிராங்.

முதற்படியின் மேற்பிரிவு: 'புரொகிரெசோ' என்ற குறுகிய காலப் பயிற்சியை முடித்தவர், 3,900ஐ ஒட்டி.

இரண்டாம் படி: இரண்டாண்டுத் தொழிற்கல்விச் சான்றிதழ் (ஈ-பே-ஆ) உள்ளவர், 4,000க்குச் சற்று மேல்.

மூன்றாம் படி: மூன்றாண்டுத் தொழிற்கல்விச் சான்றிதழ் (ஈ-எஃப்-செட்) அல்லது அதற்குச் சமமான கல்வி உள்ளவர், 4,500.

நான்காம் படி: அதற்கும் மேலான மத்திய அரசின் தொழிற் பரீட்சையில் தேறியவர், 5,200க்கு மேல்.

இந்தப் பட்டியலில் ஒரு சொல் இல்லை என்பதைக் கவனியுங்கள். அனுபவம். இருபது ஆண்டுகள் சமைத்தவரையும் போன மாதம் சேர்ந்தவரையும், சான்றிதழ் இல்லாவிட்டால், ஒப்பந்தம் ஒரே முதற்படியில்தான் வைக்கிறது. நல்ல முதலாளி தானாக உயர்த்திக் கொடுக்கலாம். பலர் கொடுக்கவும் செய்கிறார்கள். ஆனால் அது அவர் தருவது, நாம் உரிமையாகக் கேட்கக்கூடியது அல்ல. வேறு இடத்துக்கு மாறினால் மீண்டும் அடியில் இருந்து பேரம் பேச வேண்டும்.

சில மாநிலங்களில் தனியான குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் இருக்கிறது. நொயன்பேர்க், யூரா, ஜெனீவா, டிசினோ, பாசல் நகரம் ஆகியவை அவை. இவற்றுள் ஜெனீவாவில் மணித்தியாலத்துக்கு 24.48 பிராங். வாரம் 42 மணித்தியாலம் வேலை செய்பவருக்கு மாதம் ஏறத்தாழ 4,450 பிராங் வரும். இது கூட்டு ஒப்பந்தத்தின் முதற்படியைவிட அதிகம் என்பதால் அங்கே இதுவே செல்லும். எல்லா மாநிலங்களிலும் அப்படி இல்லை. டிசினோவிலும் பாசலிலும் கூட்டு ஒப்பந்தம் உள்ள துறைகளுக்கு விலக்கு உண்டு.

சம்பளச் சீட்டில் பார்க்க வேண்டியவை

பதின்மூன்றாம் மாதச் சம்பளம்: இந்தத் துறையில் இது முழுமையான உரிமை. பரீட்சார்த்த காலத்திலேயே வேலை முடிந்தால் மட்டும் கிடையாது. ஆண்டு நடுவில் விலகினாலும் வேலை செய்த மாதங்களுக்கான பங்கு வர வேண்டும்.

வேலைநேரம்: வாரத்துக்குச் சராசரி 42 மணித்தியாலம். பருவகால நிறுவனங்களில் 43.5, முதலாளியைத் தவிர நான்கு பேருக்கு மேல் இல்லாத சிறிய இடங்களில் 45. வாரத்துக்கு இரண்டு ஓய்வு நாட்கள்.

விடுமுறை: ஆண்டுக்கு ஐந்து வாரங்கள். அதைவிட ஆறு சம்பளத்துடனான பொது விடுமுறை நாட்கள். கோயில் திருவிழாவுக்கோ ஊர்ப் பயணத்துக்கோ விடுமுறை கேட்கும்போது, முதலாளி கருணை காட்டுகிறார் என்று நினைக்கத் தேவையில்லை. நாட்களை ஒழுங்குபடுத்துவதில் அவருக்குச் சொல் உண்டு, நாட்கள் எமக்குரியவை.

சாப்பாடு, தங்குமிடம்: கழிக்கப்படும் தொகைக்குப் பொதுவான அளவு காலை உணவுக்கு 3.50, மதிய உணவுக்கு 10, இரவு உணவுக்கு 8, தங்குமிடத்துக்கு நாளொன்றுக்கு 11.50 பிராங். மூன்று வேளையும் தங்குமிடமும் சேர்ந்தால் மாதம் 990. வேலை இடத்தில் உண்ணாத நாட்களுக்கும் கழித்திருக்கிறார்களா என்று எண்ணிப் பாருங்கள். எமது பழைய பிழை இதுதான்.

மேலதிக நேரம்: ஒவ்வொரு மாதமும் எழுத்தில் கணக்குக் காட்டி, உரிய நேரத்தில் தீர்க்கும் முதலாளி நூறு வீதம் கொடுத்தால் போதும். அப்படிக் கணக்குக் காட்டாதவர் 125 வீதம் கொடுக்க வேண்டும். முதலாளி நேரப் பதிவே வைக்கவில்லை என்றால், ஊழியர் தானே எழுதி வைத்த பதிவு பிணக்கின்போது சான்றாக ஏற்றுக்கொள்ளப்படும். ஆகவே ஒரு சிறிய குறிப்புப் புத்தகம் வாங்குங்கள். வந்த நேரம், போன நேரம், இடைவேளை. ஒவ்வொரு நாளும் இரண்டு வரி.

நோய்: நீண்ட நோய் ஏற்பட்டால் 900 நாட்களுக்குள் 720 நாட்கள் வரை 80 வீதம் சம்பளம் கிடைக்கும் காப்புறுதியை முதலாளி செய்திருக்க வேண்டும். அதற்கான கழிவு சீட்டில் தெரியும்.

சமூகக் காப்புறுதி: முதியோர் காப்புறுதி, இயலாமைக் காப்புறுதி உள்ளிட்டவற்றுக்கு ஊழியர் பங்கு 5.3 வீதம், வேலையில்லாக் காப்புறுதிக்கு 1.1 வீதம். 3,700 பிராங்கில் இவை மட்டும் 237 பிராங் வரை. விபத்து, நோய், பென்ஷன்காசே கழிவுகளும் சேர்ந்தால் கையில் வருவது பெரும்பாலும் 3,300க்கும் கீழே. மருத்துவக் காப்புறுதியும் வீட்டு வாடகையும் அதற்குப் பின்னர்தான்.

எண்ணூறு பிராங்கின் உண்மையான பெறுமதி

இப்போது அந்த எண்ணூறு பிராங் வித்தியாசத்துக்கு வருவோம். முதற்படிக்கும் மூன்றாம் படிக்கும் இடையில் இருப்பது அதுவே. பதின்மூன்று மாதங்களுக்கு 10,400 பிராங். இன்றைய சம்பளத்திலேயே கணக்கிட்டாலும் இருபது ஆண்டுகளுக்கு 208,000 பிராங். ஆனால் கணக்கு அதோடு முடியவில்லை.

பென்ஷன்காசேயில் முழுச் சம்பளத்துக்கும் பணம் சேர்வதில்லை. சட்டப்படியான அடிப்படை ஏற்பாட்டில், ஆண்டுச் சம்பளத்தில் இருந்து 26,460 பிராங்கை முதலில் கழித்துவிட்டு, மிச்சத்துக்கே பங்களிப்புக் கட்டப்படும். முதற்படி ஊழியரின் ஆண்டுச் சம்பளம் 48,100. கழித்தால் மிச்சம் 21,640. மூன்றாம் படி ஊழியரின் ஆண்டுச் சம்பளம் 58,500. மிச்சம் 32,040. சம்பளத்தில் வித்தியாசம் 22 வீதம்தான். பென்ஷன்காசேயில் கணக்கில் எடுக்கப்படும் தொகையிலோ வித்தியாசம் 48 வீதம். வேலை செய்யும் காலத்தில் சிறிதாகத் தெரியும் இடைவெளி, ஓய்வுபெறும்போது இரட்டிப்பாகி நிற்கிறது.

பகுதிநேரம் வேலை செய்பவர்களுக்கு இது இன்னும் கடுமையானது. எமது பெண்கள் பலர் காலையில் ஒரு ஹோட்டலில் அறை துப்புரவும், மாலையில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவும் வேலையும் செய்கிறார்கள். இரண்டிலும் 40 வீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் ஆண்டுக்கு 19,240 பிராங். பென்ஷன்காசே கட்டாயமாகத் தொடங்கும் எல்லை 22,680. ஆகவே 38,000க்கு மேல் உழைத்தும் இரண்டு இடத்திலும் ஒரு சதமும் சேராமல் போகலாம். இதற்கு வழி இருக்கிறது. இரண்டு சம்பளமும் சேர்ந்து அந்த எல்லையைத் தாண்டினால், ஊழியர் தானாகக் கேட்டு, பொதுக் காப்பு நிறுவனமான அவுஃபாங்ஐன்ரிக்டுங்கில் சேரலாம். அறிவித்தால் முதலாளிகள் தமது பங்கைச் செலுத்த வேண்டும். கேட்காதவருக்கு யாரும் வந்து சொல்லப் போவதில்லை.

முதியோர் காப்புறுதியான ஆ-ஹா-பவ் ஓய்வூதியம் கட்டிய ஆண்டுகளைப் பொறுத்தது. முழு ஓய்வூதியத்துக்கு 44 ஆண்டுகள் வேண்டும். 30 வயதில் வந்து சேர்ந்தவரிடம் 35 ஆண்டுகள்தான் இருக்கும். முழு ஆண்டுகள் கட்டியவருக்கே தனியாளுக்கு மாதம் 1,260இல் இருந்து 2,520 பிராங் வரைதான். குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஏறத்தாழ 44இல் ஒரு பங்கு போய்விடும். 2024 மார்ச்சில் மக்கள் வாக்கெடுப்பில் ஏற்கப்பட்ட பதின்மூன்றாவது ஓய்வூதியம் 2026 டிசம்பரில் இருந்து வழங்கப்படும் என்பது சிறிய ஆறுதல்.

இதனால்தான் 'கறுப்பில்' வேலை செய்வதை நாம் வன்மையாக எதிர்க்கிறோம். கையில் உறையில் வரும் பணத்தில் கழிவு இல்லை என்று மகிழ்பவர், அந்த ஆண்டுகள் தனது ஓய்வூதியத்தில் இல்லாமல் போவதைப் பின்னர்தான் காண்பார். உங்கள் பெயரில் எந்தெந்த ஆண்டு எவ்வளவு பதிவாகியிருக்கிறது என்பதைக் காட்டும் கணக்குச் சாற்றை ஆ-ஹா-பவ் ஈட்டு அலுவலகத்தில் இலவசமாகக் கேட்கலாம். விடுபட்ட பங்களிப்பை ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னோக்கி மட்டுமே கட்ட முடியும். ஆனால் முதலாளி உங்கள் சம்பளத்தில் கழித்துவிட்டுக் கட்டாமல் விட்டிருந்தால், பழைய சம்பளச் சீட்டைக் காட்டி அந்த ஆண்டைப் பதிவு செய்விக்கலாம். சீட்டுகளைக் குப்பையில் போடாதீர்கள்.

கடை தொடங்குவதற்காகப் பென்ஷன்காசேப் பணத்தை எடுப்பதையும் யோசித்துச் செய்ய வேண்டும். சுயதொழில் தொடங்குபவருக்குச் சட்டம் அதை அனுமதிக்கிறது, துணைவரின் எழுத்துமூலச் சம்மதத்துடன். அந்தக் கையெழுத்தைப் போடும் மனைவியோ கணவரோ, தனது முதுமையின் பணத்துக்கும் சேர்த்தே ஒப்பமிடுகிறார் என்பதை அறிந்து போட வேண்டும்.

படி ஏறும் வழிகள்

இனி முன்னேற்றம். ஒவ்வோர் ஊழியரிடமும் கூட்டு ஒப்பந்தத்துக்கென ஆண்டுக்கு நூறு பிராங்குக்கும் குறைவான தொகை கழிக்கப்படுகிறது. அந்தப் பணத்தில் ஒரு பகுதி ஊழியர்களின் பயிற்சிக்கே செலவிடப்படுகிறது. நாம் கட்டுகிறோம், ஆனால் எடுத்துப் பயன்படுத்துவதில்லை.

முதல் வழி புரொகிரெசோ. சமையலறை, பரிமாறல், அறைப் பராமரிப்பு போன்ற பிரிவுகளில், வேலையில் இருந்துகொண்டே, பகுதி பகுதியாக மொத்தம் ஐந்து வாரங்கள் வகுப்புக்குச் செல்ல வேண்டும். செலவில் பெரும்பகுதியையும் வகுப்பு நாட்களுக்கான சம்பள ஈட்டையும் ஒப்பந்த நிதி ஏற்கிறது. மொழி அறிவு வேண்டும், பெரிய படிப்பு வேண்டாம். முடித்த பின் மாதம் இருநூறு பிராங்குக்கு மேல் கூடும்.

இரண்டாவது வழியை எம்மவர் மிகக் குறைவாகவே அறிந்திருக்கிறார்கள். சுவிஸ் தொழிற்கல்விச் சட்டத்தின்படி, குறைந்தது ஐந்து ஆண்டுகள் தொழில் அனுபவம் உள்ள வயதுவந்தவர், தொழிற்கல்வி ஒப்பந்தம் இல்லாமலே இறுதிப் பரீட்சைக்குத் தோற்றலாம். அந்த ஆண்டுகளில் எத்தனை அதே தொழிலில் இருக்க வேண்டும் என்பது தொழிலுக்குத் தொழில் வேறுபடும். பதினைந்து ஆண்டுகள் சமைத்தவருக்குச் செய்முறைப் பகுதி பாரமாக இருக்காது. தடையாக இருப்பது ஜெர்மன் அல்லது பிரெஞ்சு எழுத்துப் பகுதியே. முதலில் மொழி வகுப்பு, பிறகு மாநிலத் தொழிற்கல்வி அலுவலகத்தில் ஆலோசனை, பிறகு பரீட்சை ஆயத்த வகுப்பு என்று மூன்று ஆண்டுத் திட்டமாகப் போட்டால் நாற்பது வயதிலும் எட்டக்கூடியது. ஒப்பந்தம் அனுபவத்தை எண்ணாவிட்டாலும் பரீட்சை மண்டபம் எண்ணுகிறது. அனுபவத்தைச் சான்றிதழாக மாற்றும் கதவு அதுதான்.

மூன்றாவது வழி இளையவர்களுக்கானது. 2019 முதல் அங்கீகரிக்கப்பட்ட அகதிகளும் தற்காலிகமாக ஏற்கப்பட்டவர்களும் வேலைக்குச் சேர முன் அனுமதி வேண்டியதில்லை. முதலாளி அறிவித்தால் போதும். ஆகவே புதிதாக வந்த இளையவர் உடனடிச் சம்பளத்துக்காக முதற்படி வேலைக்கு ஓடுவதா, தொழிற்கல்வியில் சேர்வதா என்ற கேள்வி எழுகிறது. தொழிற்கல்விக் காலத்தில் சம்பளம் மிகக் குறைவு. ஊருக்கு அனுப்ப வேண்டிய காசும் முகவரிடம் பட்ட கடனும் கழுத்தைப் பிடிக்கும். அந்த நெருக்கடி எமக்குத் தெரியாததல்ல. ஆனால் மேலே போட்ட கணக்கை ஒருமுறை திரும்பப் பாருங்கள். அந்த இரண்டு, மூன்று ஆண்டு இழப்பு பின்வரும் முப்பது ஆண்டுகளில் பல மடங்காகத் திரும்பி வரும்.

இங்கே பிறந்த பிள்ளைகளுக்கும் இத்துறை கோப்பை கழுவுவது மட்டும் அல்ல. வரவேற்பு மேசை, விருந்து ஒழுங்கமைப்பு, ஹோட்டல் கணக்கு, முகாமைத்துவம் எல்லாம் இதற்குள்தான். 1893இல் தொடங்கிய லவுசான் ஹோட்டல் பள்ளிக்கு உலகெங்கிலும் இருந்து மாணவர்கள் வருகிறார்கள். நாம் பட்ட கஷ்டத்தை மட்டும் வைத்து, பிள்ளைகளிடம் இத்துறையை இழிவாகப் பேச வேண்டாம்.

பிணக்கு வந்தால்

முதலில் வாய்மொழியாக, பிறகு எழுத்தில் கேளுங்கள். தீராவிட்டால் தொழிற்சங்கத்தை நாடலாம். பாசலில் உள்ள கூட்டு ஒப்பந்தக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கும் முறையிடலாம். அதன் பின்னர் இணக்க அலுவலகம், தொழில் நீதிமன்றம். 30,000 பிராங் வரையான தொழிற் பிணக்குகளுக்கு நீதிமன்றக் கட்டணம் இல்லை. சம்பளக் கோரிக்கை ஐந்து ஆண்டுகளில் காலாவதியாகும். "முதலாளி நல்ல மனுசன், நாலு பேருக்கு விசாவுக்குக் கடிதம் கொடுத்தவர்" என்று பொறுத்துப் பொறுத்து ஐந்து ஆண்டுகளைத் தாண்டியவர்களை நாம் கண்டிருக்கிறோம். நன்றி வேறு, கணக்கு வேறு.

ஓய்வுபெற்ற பின் வருமானம் வாழ்க்கைச் செலவுக்குப் போதாதவர்களுக்குத் துணைக் கொடுப்பனவு உண்டு. வெளிநாட்டவருக்குப் பொதுவாக 10 ஆண்டுகளும், அங்கீகரிக்கப்பட்ட அகதிகளுக்கு 5 ஆண்டுகளும் இடைவிடாத வதிவிடம் தேவை. அது பிச்சை அல்ல, சட்ட உரிமை. வெட்கப்பட்டு விண்ணப்பிக்காமல் இருக்கும் முதியவர்களுக்குப் பிள்ளைகள் அதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

அடுத்த சம்பளச் சீட்டு வரும்போது அடித் தொகையைப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். உங்கள் வேலை ஒப்பந்தத்தையும் பக்கத்தில் வைத்து, நீங்கள் எந்தப் படியில் வைக்கப்பட்டிருக்கிறீர்கள் என்று தேடிப் பாருங்கள். முதற்படி என்றால், அடுத்த படிக்கு என்ன வேண்டும் என்று அந்த வாரமே கேளுங்கள். ஜெர்மன் புரியாவிட்டால் பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி வாசிப்பியுங்கள். பெற்றோர் எந்தக் கணக்கில் தம்மை வளர்த்தார்கள் என்பதைப் பிள்ளையும் அறிந்துகொள்ளட்டும்.